உங்களுக்குத் தெரியுமா? தேய்ந்ததெல்லாம் எங்கே போனது?

நகைக்கடையில் சேதாரம் இரண்டு சதவீதம் கூடுதலாகப் போட்டால் அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிறோம். காரின் நான்கு டயரும் வழுக்கையாகிவிட்டால் மட்டும், 'ஓடித் தேஞ்சுபோச்சு' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் புது டயருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறோம். தேய்ந்த ரப்பர் எங்கே, பிரேக் பேடு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் அந்தச் சேதாரக் கணக்கு.

● வெளியே போய் உங்கள் காரின் முன்சக்கரத்தை விரலால் ஒரு துடை துடையுங்கள். அடுத்து பின்சக்கரம். முன்னால் ஒட்டுகிற கரி பின்னால் அவ்வளவாக ஒட்டாது. பஸ்ஸில் சடன் பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் டிரைவர் பக்கம் சரிவார்களே, அதேபோல வண்டியின் பாரமும் முன்னால் சாய்கிறது. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்து பிரேக்குக்கு. தேய்மானமும் அதற்கே.

ஒரு காந்தத்தை பாலிதீன் கவரில் சுற்றி அந்தக் கரிக்கு மேலே காட்டிப் பாருங்கள். முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து எழும். கரி என்று நாம் நினைப்பதில் பாதிக்குப் பாதி இரும்பு. பேடு மட்டும் தேய்வதில்லை, பேடு கவ்விப் பிடிக்கிற வார்ப்பிரும்பு டிஸ்க்கும் கூடவே தேய்கிறது. வெள்ளைக் காரின் கதவோரத்தில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பெயின்ட் அடித்தவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. பல சமயம் அது பிரேக் தூள் பிடித்த துரு.

● 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சிக்னலில் நிறுத்துகிறீர்கள். அந்த ஓட்டம் முழுக்க வெப்பமாக மாறியாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 1,67,000 ஜூல் வருகிறது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. வீட்டில் இரண்டு பேருக்கு டிகாஷன் இறக்கிவிடலாம். 120-ல் வந்து நிறுத்தினால் கணக்கு இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். இரண்டு லிட்டர்!

இந்தச் சூட்டில்தான் விஷயமே இருக்கிறது. மிதமாகப் பிடித்தால் பேடு அரைபட்டுத் தூளாகிறது. பேடு ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் அதைப் பிணைத்திருக்கும் பிசின் ஆவியாகி, ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாக உறைகிறது. முதலாவது உரலில் இடித்த மாவு என்றால், இரண்டாவது சாம்பிராணிப் புகை.

● ஒரு கார் டயர் தன் ஆயுளில் ஒரு கிலோ ரப்பரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கஞ்சத்தனமான மதிப்பீடு. நான்கு டயருக்கு நான்கு கிலோ. 40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், கிலோமீட்டருக்கு 100 மில்லிகிராம். அதே கார் சைலன்சர் வழியாக விடலாம் என்று பாரத் ஸ்டேஜ் 6 அனுமதிக்கும் துகள் எவ்வளவு? கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம். வருடா வருடம் புகைச் சான்றிதழ் வாங்குவது இந்தச் சிறிய எண்ணின் குடும்பத்துக்குத்தான். பெரிய எண்ணுக்குச் சான்றிதழே கிடையாது.

● உடனே வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 2020-ல் ஒரு பிரிட்டிஷ் சோதனை நிறுவனம், டயர் மாசு சைலன்சர் மாசைப்போல 1,000 மடங்கு என்று அறிவித்தது. உலகமெங்கும் அதுதான் தலைப்புச் செய்தி. சோதனையில் காரை விரட்டு விரட்டென்று விரட்டி, கிலோமீட்டருக்கு 5.8 கிராம் ரப்பர் தேய்ந்ததாகக் கணக்கெடுத்தார்கள். நம் வீட்டு அண்ணாச்சி அப்படி ஓட்டினால் மாதம் ஒரு செட் டயர் வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று: தேய்கிற ரப்பரில் பெரும்பகுதி காற்றில் மிதக்கவே மிதக்காது. கனமான துகள், ரோட்டோரம் விழுந்து, மழைக்கு வடிகாலில் இறங்கிவிடும். காற்றில் ஏறுவது சிறு பங்கு. பிரேக் விஷயம் வேறு. பிரேக் தூள் பொடிப்பொடியானது, அதில் கணிசமான பங்கு மிதக்கும், மூக்கு வரை வந்து சேரும். எடை போட்டால் டயர் முந்தும், சுவாசம் என்று வந்தால் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

● டயர் துகளை நுண்ணோக்கியில் வைத்தால் பந்து மாதிரி இருக்கும் என்று நினைப்போம். அது பிடி கொழுக்கட்டை மாதிரி நீண்டிருக்கிறது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் சிக்கி உருண்டு உருண்டு அந்த வடிவம். கொழுக்கட்டையில் எள் ஒட்டியிருப்பதுபோல ரோட்டின் கல்லும் மண்ணும் மேலெல்லாம் பதிந்திருக்கும். ஏறக்குறைய பாதி ரப்பர், பாதி ரோடு.

● பிரிட்டன் அரசின் காற்றுத் தர நிபுணர் குழு 2019-ல் ஓர் அறிக்கை தந்தது. அந்த நாட்டில் சாலை வாகனங்களிலிருந்து நேரடியாக வெளியாகும் பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்களில் 60 சதவீதமும், சற்றுப் பெரியவையும் சேர்ந்த பிஎம் 10 துகள்களில் 73 சதவீதமும் பிரேக், டயர், சாலைப் பரப்பு ஆகியவற்றின் தேய்மானத்திலிருந்து வருபவை. சைலன்சர் சுத்தமாகச் சுத்தமாக, இந்தப் பங்கு தானாகவே ஏறிவிட்டது. வீட்டில் மூத்தவன் திருந்திய பிறகு இளையவனின் சேட்டை கண்ணில் படுவது மாதிரி.

● பிரேக் லைனிங்கை முதலில் போட்டவர் ஒரு செருப்புத் தொழிலாளி. போடச் சொன்னவர் ஒரு பெண். 1888 ஆகஸ்ட்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு பெர்தா பென்ஸ் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் கிளம்பினார். சுமார் 106 கிலோமீட்டர். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துகொண்டே போனது. வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பிடித்து, கட்டையின் மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னார். வேலை முடிந்தது.

● அடுத்த ஒன்பதாவது ஆண்டில், 1897-ல், இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக் கட்டை செய்யும் தொழிலில் இறங்கினார். மலைப்பாதையில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்துக்குக் கொடுத்து வேகத்தைக் குறைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. இன்றும் கடைகளில் கிடைக்கும் 'ஃபெரோடோ' பிரேக் அவர் பெயர்தான். ஆங்கிலத்தில் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் செருகியிருக்கிறார். பெர்தாவோடு சேர்த்தால், இந்தத் தொழிலில் இரண்டு மனைவிகள்.

● தோலுக்குப் பிறகு வந்தது கல்நார். சூடு தாங்கும், விலை குறைவு, எளிதில் தேயாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி பிரேக்கெல்லாம் அதுதான். அந்த இழை நுரையீரலில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக் கிளம்பும் என்பது தெரிவதற்குள் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அதைச் சுவாசித்து முடித்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் முழுத் தடையைக் கொண்டுவந்தது. அமெரிக்கா, பிரேக்கில் பயன்படும் கல்நாருக்கு 2024-ல்தான் விதி போட்டது. இந்தியாவில் கல்நாருக்கு முழுத் தடை இன்னும் இல்லை.

எங்கள் தெரு மெக்கானிக் கடையில் ஸ்கூட்டரின் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு டீஸ்பூன் அளவுக்குச் சாம்பல் நிறத் தூள். பையன் டிரம்மைத் தரையில் இரண்டு தட்டு தட்டினான். மிச்சத்தைக் கன்னம் உப்ப ஊதினான். ஊதியது எனக்கும் கொஞ்சம் வந்தது. "ஈரத்துணியால துடைக்கக் கூடாதா தம்பி?" என்றேன். "அதுக்கெல்லாம் நேரம் ஏது சார்" என்றவன், காத்தடிக்கும் குழாயை எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பிடித்தான். ஈரத்துணி ஐந்து ரூபாய்கூட ஆகாது.

● முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். வண்டி முந்தாமல் நிற்பதற்கு அதே முந்திரிக்கொட்டைதான் உதவுகிறது! முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பதப்படுத்தி, கெட்டியாக்கி, பொடியாக்கி பிரேக் லைனிங்கில் கலக்கிறார்கள். சூட்டிலும் ஒரே சீராக உராயவும், பிரேக் கிறீச்சிடாமல் இருக்கவும் அது கைகொடுக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணெயைத் தெரியும். தோலில் பட்டால் பொத்துவிடும், கறை லேசில் போகாது. சென்னையில் பாடி, அம்பத்தூர் பக்கம் பிரேக் தொழிலுக்குப் பெயர்போன இடங்கள். பண்ருட்டியில் பருப்பை வாங்கிவந்து பாயசத்தில் போடுகிறோம், ஓடு பிரேக்குக்குப் போகிறது.

● கலிபோர்னியா 2010-ல் ஒரு சட்டம் போட்டது. பிரேக் பேடில் செம்பு 2021-க்குள் 5 சதவீதத்துக்கும், 2025-க்குள் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும். வாஷிங்டன் மாநிலமும் அதே ஆண்டில் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டது. மனிதர்களின் நுரையீரலுக்காக என்று நினைத்தால் தவறு. பிரேக் தூளில் இருக்கும் செம்பு மழைநீரோடு ஆற்றில் கலந்தால் சால்மன் மீனின் மோப்பசக்தி மந்தமாகிவிடும். எதிரி வருவதே அதற்குத் தெரியாது. மீனுக்காகப் போட்ட சட்டத்தில் மனிதனும் கொஞ்சம் பிழைத்துக்கொண்டான்.

● எப்படி என்கிறீர்களா? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2025-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகை பிரேக் பேடுகளின் தூளை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுரையீரல் செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். மிகவும் மோசம் செய்தது செம்பு மிகுந்த ஒரு வகை. டீசல் புகைத் துகளைவிட அதிகமான பாதிப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த வகை பேடு வந்ததே கல்நாருக்கு மாற்றாக. தட்டில் வளர்த்த செல்லும் நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

● பிரேக் தூளுக்கு மின்சாரமும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் ஒரு பெரிய லேத்தில் டிஸ்க்கைச் சுழலவிட்டு, பேடை அழுத்திப் பிடித்துச் சோதித்தார்கள். கிளம்பிய துகள்களில் 80 சதவீதம் வரை மின்னேற்றம் பெற்றிருந்தன. 2024-ல் வெளியான முடிவு இது. பலூனைத் தலையில் தேய்த்தால் முடி எழுமே, அந்த வித்தைதான். ஆனால் மின்னேற்றம் இருந்தால் மின்புலம் வைத்து இழுத்துப் பிடித்துவிடலாம் இல்லையா? ஆய்வாளர்களுக்கும் அந்த ஆசைதான்.

● இனி ஒரு துப்பறியும் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990-களில் பாழ்பட்ட ஓடைகளைச் சீர்செய்தார்கள். கரையில் மரம் நட்டு, தடைகளை எடுத்து, சால்மனுக்கு வழிவிட்டார்கள். கோஹோ என்ற வகை சால்மன் ஓடையில் பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். திரும்பியும் வந்தது. இலையுதிர்கால முதல் மழையோடு வந்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு, துடுப்பை விரித்துக்கொண்டு, வட்டமடித்து, சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பெண் மீனின் வயிற்றைக் கிழித்தால் முட்டை அத்தனையும் அப்படியே இருந்தது. சில ஓடைகளில், சில ஆண்டுகளில், வந்ததில் பத்துக்கு ஒன்பது இப்படி.

தண்ணீரின் சூடா? இல்லை. நோயா? இல்லை. பூச்சிமருந்தா, உலோகமா? அதுவும் ஒட்டவில்லை. நெடுஞ்சாலையில் ஓடிவரும் மழைநீரைப் பிடித்து மீனை விட்டால் மட்டும் அதே மரணம். அதில் இருக்கக்கூடியதை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். டயர் துகளை ஊறவைத்த தண்ணீரில் மீன் செத்தது. கொலைகாரன் டயருக்குள் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது, யார் என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் 2,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள். பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி கொல்கிறது என்று பார்த்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் போடும் பொருள்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை!

முடிச்சு அவிழ்ந்த விதம் அழகு. பட்டியலில் 6பிபிடி என்று ஒரு பொருள் இருந்தது. அதில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். ஹைட்ரஜன் இரண்டு போய், ஆக்சிஜன் இரண்டு ஏறினால் மீனைக் கொன்ற பொருள் வந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஓசோன் பட்டால் ரப்பர் வெடித்துப் போகும். அதைத் தடுக்க உலகெங்கும் டயரில் போடுவதுதான் 6பிபிடி. ஓசோன் ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் இது போய் மோதிக்கொள்ளும், மோதியதும் உருமாறும். உருமாறிய பிறவிதான் 6பிபிடி-குயினோன். காவல்காரனே கொலைகாரனான கதை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷென்யு டியன், எட்வர்ட் கொலோட்ஸே, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் உள்ளிட்ட குழு 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டது.

எவ்வளவு போதும் தெரியுமா? 2022-ல் திருத்தி வெளியிட்ட கணக்குப்படி, பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் 95 மில்லிகிராம் கலந்தால் கோஹோவில் பாதி சாகும். ஒரு சிட்டிகை உப்புகூட அல்ல. அதே தண்ணீரில் விட்டால் சம் என்ற இன்னொரு வகை சால்மனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒன்றுவிட்ட தம்பி நீந்திக்கொண்டே இருக்கிறான், அண்ணன் சாகிறான். இன்னொரு ஆறுதல்: அந்த மழைநீரை மண்ணும் மட்கிய உரமும் போட்ட தொட்டி வழியாக வடித்துவிட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது. 6பிபிடி போட்ட டயருக்கு மாற்று தேடியே தீர வேண்டும் என்று கலிபோர்னியா 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. பியூஜெட் சவுண்ட், கிளாமத் ஆற்றுப் பக்கத்துப் பழங்குடி மக்கள், சால்மன் இல்லாவிட்டால் தங்கள் வாழ்க்கையே இல்லை என்று அமெரிக்க மத்திய அரசிடம் மனுப்போட, அந்த மனுவும் அதே ஆண்டில் ஏற்கப்பட்டது. ரப்பரை வெடிக்காமல் காக்கிற வேறொரு பொருள் இன்னும் தேடலில்தான் இருக்கிறது.

● மிஷலின் டயர் கம்பெனியின் குண்டு பொம்மை ஏன் வெள்ளையாக இருக்கிறது? 1898-ல் அது பிறந்தபோது டயரெல்லாம் வெளிர் நிறம். கரிப்பொடி கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று பிற்பாடு தெரிந்தது, டயர் கறுத்தது. பொம்மை கறுக்கவில்லை. கரி கலக்காமல் இருந்திருந்தால் நம் ரோட்டில் இன்னும் எத்தனை கிலோ தேய்ந்திருக்குமோ.

● துகளாகவே கடலில் வந்து சேரும் முதல்நிலை நுண்பிளாஸ்டிக்கில் 28 சதவீதம் டயர் தேய்மானம் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017-ல் மதிப்பிட்டது. முதலிடம் துணி துவைக்கும்போது உதிரும் செயற்கை இழைக்கு, 35 சதவீதம். டயர் எப்படிப் பிளாஸ்டிக் கணக்கில் வந்தது என்று கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வடிக்கும் ரப்பர் மட்டும் டயர் ஆவதில்லை. கார் டயரில் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பருக்குப் பெரிய இடம் உண்டு.

● ஆளுக்கு எவ்வளவு? 2017-ல் வெளியான வேறொரு கணக்குப்படி உலகச் சராசரி ஆண்டுக்கு 0.81 கிலோ. அமெரிக்கர் 4.7 கிலோ தேய்க்கிறார். இந்தியர் 0.23 கிலோ. பெருமைப்பட ஒன்றுமில்லை, கார் குறைவு, அவ்வளவுதான்.

● ஜப்பானின் செந்தாய் நகரத்தில் 1980-களில் பனிக்காலம் முடிந்தாலே தூசி மண்டலம். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் ஆணி பதித்து ஓட்டினார்கள். பனி இல்லாத ரோட்டில் அந்த ஆணி தாரைச் சுரண்டிச் சுரண்டிப் பறக்கவிட்டது. 'வண்டித்தூள்' என்று பொருள்படும் ஷாஃபுன் என்றே மக்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 1990-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்து ஆணி டயர் ஒழிந்தது. ஸ்டாக்ஹோமில் ஹோர்ன்ஸ்காட்டன் என்ற தெருவில் 2010-ல் ஆணி டயருக்குத் தடை வந்தது.

● ரயிலும் தப்பவில்லை. லண்டன் பாதாள ரயிலில் பிஎம் 2.5 சராசரி ஒரு கனமீட்டருக்கு 88 மைக்ரோகிராம் என்று கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அளந்தார்கள். மேலே வாகனம் ஓடும் தெருவோரத்தைவிடப் பல மடங்கு. அந்தத் தூசியில் கிட்டத்தட்ட பாதி இரும்பு ஆக்சைடு: சக்கரம், தண்டவாளம், பிரேக். நூறாண்டுக்கு மேல் பழைய குறுகலான குகை, தூசி போக வழியில்லை. கடைசி ரயில் போனதும் 'ஃபிளஃபர்' என்ற துப்புரவுப் பணியாளர்கள் இறங்கி, தண்டவாளத்தோரம் பயணிகள் உதிர்த்த முடியையும் பஞ்சையும் தூசியையும் பிரஷ்ஷால் கையால் எடுப்பார்கள். விடிவதற்குள் முடித்தாக வேண்டும்.

● மெக்சிகோ சிட்டியிலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுவை லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மாஹர் குழு ஆராய்ந்து 2016-ல் சொன்னது: உள்ளே காந்தத் தன்மையுள்ள இரும்புத் துகள்கள் இருக்கின்றன. மூளையே உண்டாக்கும் காந்தத் துகள் கூர்முனைப் படிகமாக இருக்கும். இவையோ உருண்டை. கொதிசூட்டில் உருகி ஆறியவைதான் உருண்டையாகும். இன்ஜின், தொழிற்சாலை, பிரேக் என்று சந்தேகப் பட்டியல் நீளம். மூக்கின் மோப்ப நரம்பு வழியாக நேரே ஏறியிருக்கலாம் என்கிறார்கள்.

● மின்சாரக் கார் வாங்கியவர் 'என் வண்டியில் புகையே வராது' என்பார். உண்மைதான். தூள்? ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2020-ல் கணக்குப் போட்டது. சிறிய பேட்டரி போட்ட எடை குறைந்த மின்கார், சாதாரணக் காரைவிட 11 முதல் 13 சதவீதம் குறைவாக பிஎம் 2.5 தேய்மானத் துகளை விடுகிறது. நெடுந்தூரம் போகும் பெரிய பேட்டரி போட்ட கனத்த மின்கார், 3 முதல் 8 சதவீதம் அதிகமாக விடுகிறது. காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடித்துவிடுவதால் பிரேக்குக்கு ஓய்வு. ஆனால் பேட்டரியின் பாரத்தை டயர் சுமக்கிறது. ஆக, மின்சாரமா பெட்ரோலா என்று கேட்டதோடு எடை எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.

● மின்காரில் பிரேக்குக்கு ஓய்வு என்ற அதே காரணத்தால் பழைய டிரம் பிரேக் மறுபடி வந்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் தன் மின்கார் ஐடி.3-ல் பின்சக்கரத்துக்கு டிரம்தான் போட்டிருக்கிறது. பிரேக்குக்கு வேலை குறைவு, சும்மா இருக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும். டிரம் மூடிய பாத்திரம், துருவும் குறைவு, தூளும் உள்ளேயே தங்கும். தங்கிய தூளைப் பிறகு யார் ஊதுவார் என்பதை மேலே பார்த்தோம்.

● உலகிலேயே முதன்முறையாக பிரேக் தூளுக்கு வரம்பு போட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 விதி. 2024-ல் நிறைவேறியது. புதிய மாடல் கார்களுக்கு 2026 நவம்பர் இறுதியிலிருந்து அமல். பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார் என்றால் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். முழு மின்கார் என்றால் 3. டயருக்கும் வரம்பு வரிசையில் நிற்கிறது. நம் பாரத் ஸ்டேஜ் 6-ல் பிரேக்குக்கு இப்படி எண் எதுவும் இல்லை.

● அளப்பது எப்படி? ஓடுகிற காரில் எது பிரேக் தூள், எது ரோட்டுத் தூள் என்று பிரிப்பது பெரிய பாடு. அதனால் பிரேக்கை மட்டும் கழற்றி ஒரு மூடிய அறையில் சுழலவிட்டு, சுத்தக் காற்றைச் செலுத்தி, வெளியேறும் காற்றை வடிகட்டி எடை போடுகிறார்கள். மொத்தம் 192 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம், அதற்குள் 303 முறை பிரேக். சென்னையில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை போனாலே அந்த 303-ஐப் பிடித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

● போர்ஷே கம்பெனி டிஸ்க்கின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசி ஒரு பிரேக் விற்கிறது. தூள் 90 சதவீதம் குறைவு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பருக்கு அடித்திருக்கும் நிறம் வெள்ளை! வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கரிக்கடைக்குப் போகிற தைரியம்.

● லண்டன் மாணவர்கள் சிலர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தகட்டைப் பொருத்தி, நிலைமின்சாரத்தால் டயர் தூளை இழுத்துப் பிடித்தார்கள். சோதனை மேடையில், காற்றில் கிளம்பியதில் 60 சதவீதம் சிக்கியது. 'தி டயர் கலெக்டிவ்' என்ற அந்தக் குழுவுக்கு 2020-ல் பிரிட்டனுக்கான ஜேம்ஸ் டைசன் விருது கிடைத்தது.

● நாமக்கல் லாரிக்காரர்களிடம் டயரின் மேல்பரப்பு வரிகளுக்கு 'பட்டன்' என்று பெயர். பட்டன் போனால் டயரைத் தூக்கி எறிவதில்லை. மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்து மறுபடி ஓட்டுவார்கள், நல்ல டயராக இருந்தால் இரண்டு மூன்று முறைகூட. குப்பை குறைகிறது, காசும் மிச்சம். ஒட்டிய ரப்பர் எல்லாம் போகுமிடம் பழைய இடம்தான், ரோடு. காற்று குறைவாக இருந்தால் டயரின் இரண்டு ஓரமும், அதிகமாக இருந்தால் நடுப்பட்டையும் சீக்கிரம் தேயும். பெட்ரோல் பங்கில் காத்து பிடிக்கிற இரண்டு நிமிடம் தூள் கணக்கிலும் சேரும்.

● கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முன்னால் போன வாடகைக் காரிலிருந்து கருகல் வாசனை வந்துகொண்டே இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்குகிறார்கள். எங்கள் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "ஏறின கியர்லயே எறங்கணும் சார். இன்ஜினே வண்டியைப் புடிச்சுக்கும்" என்றார். இரண்டாவது கியர், மெல்லிய உறுமல், வளைவுக்கு வளைவு ஒரு சின்ன மிதி. அடிவாரத்தில் டீக்கடையில் இரண்டு வண்டியும் நின்றன. அந்தக் காரின் முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. எங்கள் டிரைவர் தன் வண்டிச் சக்கரத்தருகே குனிந்து உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். "கை வைக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டீ சொல்லப் போனார்.